கூரை சுமக்கும் பாலம்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், நியூ ஹாம்ஷயர், வெர்மான்ட் என்னும் இரு மாநிலங்களுக்கு இடையே தெற்கு நோக்கி ஓடும் கனெக்டிகட் நதியின் மீது, கார்னிஷ் கிராமத்தையும் விண்ட்ஸர் பட்டணத்தையும் இணைத்து நிற்கும் மரப்பாலத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவர், யாரோ ஒரு குடியானவர் தம்முடைய நெடிய தானியக் களஞ்சியத்தை ஆற்றுக்குக் குறுக்கே கிடத்திவிட்டுப் போயிருக்கிறார் என்றே எண்ணுவார். நீளம் சுமார் 450 அடி. நதியின் நடுவே ஒரே ஒரு கல் தூண். குதிரைகளை மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும், தவறினால் இரண்டு டாலர் அபராதம் என்று எச்சரிக்கும் பலகையை நுழைவாயிலின் மேல் காணலாம்.

இதே துறையில் 1796, 1824, 1849 ஆகிய ஆண்டுகளில் கட்டப்பட்ட மூன்று பாலங்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. நான்காவதாக, ஜேம்ஸ் டாஸ்கர், பேலா பிளெட்சர் என்ற இரு நிபுணர்கள் 1866-இல் 9,000 டாலர் செலவில் நிர்மாணித்ததுதான் இப்போது உள்ளது.

பாலத்துக்குக் கூரை எதற்கு? ஆற்று ஜலத்தைக் கண்டு குதிரைகள் மிரளாமலிருக்க என்பார் சிலர். பனி உள்ளே விழாமலிருக்க என்பார் வேறு சிலர். பனியைப் பற்றிய விளக்கம் வேடிக்கையானது. ஏனெனில் அந்நாளில் குளிர்காலத்தில் சறுக்கு வண்டிகள் ஓட வேண்டுமே என்பதற்காக, வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்தினுள் பரப்பும் வழக்கமே இவ்விரு மாநிலங்களும் அடங்கிய நியூ இங்கிலாந்து பிரதேசத்தில் இருந்திருக்கிறது!

உண்மைக் காரணம் மரத்தின் ஸ்வபாவத்தில் இருக்கிறது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணங்கள், அதன் நார்களிலுள்ள செல்லுலோஸைக் கரைத்து உண்பவை. ஆனால் மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழே இருக்கும்வரை அவற்றால் தலைதூக்க முடியாது. முப்பது பங்கை நெருங்கி, நார்ச்சுவர்கள் ஈரத்தால் நிறைவு பெறும்போதுதான் அவை தழைக்கின்றன. மழைநீர் சென்று தங்குமிடமோ, மரத்தோடு மரம் பொருந்தும் மூட்டுகள். பாலத்தின் உயிர்நிலையும் அவையே. ஆகவே திறந்து கிடக்கும் மரப்பாலம் பத்திருபது ஆண்டுகளில் நலிந்துபோக, கூரையிட்டது ஒரு நூற்றாண்டையும் கடந்து நிற்கிறது. தன்னைத் தாங்கும் சட்டங்களின் மீதே பாரமாக அமர்ந்து, அச்சட்டங்களுக்கே ஆயுள் அளிக்கும் இக்கூரையை, பிலடெல்பியாவில் 1805-இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு வற்புறுத்திப் போடச் செய்தவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்னும் நீதிபதி. பொறியியல் அவருடைய தொழிலன்று.

இனிச் சட்டங்களைப் பார்ப்போம். இதியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சாய்வான பலகைகளை எதிரெதிர்த் திசைகளில் குறுக்கிட்டு, வெட்டுமிடந்தோறும் மர முளைகளை அடித்து இறுக்கினால் உண்டாகும் வலைப்பின்னலே பாலத்தின் பக்கச் சுவர் ஆகிறது. எங்கே பாரம் விழுந்தாலும் அது பல முக்கோணங்களின் வழியே பிரிந்து கரையைச் சேர்வதால், ஒரு பலகை முறிந்தாலும் பாலம் உடனே விழாது. பெருமரங்களும் தேர்ந்த கைத்திறனும் தேவைப்படாத இம்முறையை, கிராமத்துத் தச்சர்களும் கையாள முடிந்தது. டாஸ்கரும் பிளெட்சரும் பலகைக்குப் பதிலாகச் சதுரமாய்ச் செதுக்கிய கனத்த மரங்களைக் குழிவெட்டிப் பொருத்தினர்.

எனினும் மரம் நாளடைவில் தொய்யவே செய்யும். 1980-களில் பாலம் வெகுவாகத் தாழ்ந்துவிட, வாகனங்களை நிறுத்திவைத்து, பலகைகளை அடுக்கடுக்காய்ப் பசையிட்டு ஒட்டிய புது உத்திரங்களைச் சேர்த்து நிமிர்த்தி, 1989-இல் மீண்டும் திறந்தார்கள். பழைமை கெட்டதென்று வருந்துவோர் உண்டு. அடியில் இரும்பு உத்திரங்களை நுழைத்துவிட்டு மரத்தை வெறும் அலங்காரமாக்குவதைவிட, மரத்துக்கு மரமே துணை நிற்பது மேலென்பது என் அபிப்பிராயம். இன்றும் கார்கள் அதன் வழியே போய்க்கொண்டிருக்கின்றன. சுங்கம் மட்டும் 1943-லேயே ஒழிந்தது.