கையெழுத்துக்கு முன் ஒரு கடுஞ்சொல்

சங்கக் கணக்குகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும் கூட்டுறவு இன்ஸ்பெக்டரிடம் கணக்கைப் பற்றிக் கேட்போர் சிலரே. தம் சொந்த வழக்கைப் பற்றிக் கேட்போரே பலர். பஸ் நிலையத்திலும், தேநீர்க் கடையிலும், சங்கத் திண்ணையிலும் முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்தமர்ந்து, "ஐயா, ஒரு சங்கதி கேட்கலாமா?" என்று தொடங்குவார். வக்கீலிடம் போனால் செலவாகும். உறவினரிடம் கேட்டால் ஊர் அறியும். வழிப்போக்கனாக வந்த உத்தியோகஸ்தனிடம் கேட்பதில் இவ்விரண்டு அச்சமும் இல்லை. இத்தகையோருக்கு எவ்விதம் பதில் கூறவேண்டும் என்பதை நான் என் தவறு ஒன்றின் மூலமாகவே கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் நிறைந்த ஓர் ஊரில் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க நெசவாளர் ஒருவர் வந்தார். அவருடைய மைத்துனர் நூல் வியாபாரம் தொடங்க இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்குகிறாராம். பணம் கொடுப்பவர், தொகை எழுதாத புரோநோட்டில் இவருடைய கையெழுத்தும் வேண்டும் என்கிறாராம். "போடலாமா, ஐயா?" என்று கேட்டார். பிறர் குடும்ப விஷயத்தில் நாம் தலையிடுவானேன் என்று எண்ணி, "நன்றாக யோசித்துச் செய்யுங்கள்" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இரண்டாண்டுகள் கழித்து அவரை மீண்டும் கண்டேன். புரோநோட்டில் ஒரு லட்சம் என்று நிரப்பியிருந்தார்கள். மைத்துனர் ஊரைவிட்டே போய்விட்டார். வழக்கு வந்து, குழித்தறி இருந்த பின்கட்டை விற்றுச் சமரசம் செய்துகொண்டு, அவர் இப்போது பிறர் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். என்மீது கோபங்கொள்ளவில்லை. "நீங்கள் யோசிக்கச் சொன்னீர்கள், நானும் யோசித்தேன். ஆனால் பெண் கொடுத்த இடத்தில் எப்படி மறுப்பது? 'போடாதே' என்று சொல்லியிருந்தால், 'இன்ஸ்பெக்டர் கூடாதென்றார்' என்று சொல்லித் தப்பியிருப்பேன், ஐயா" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கிற்று. கேட்பவருக்குப் பெரும்பாலும் விடை தெரிந்தே இருக்கிறது. உறவினர் முகத்தைப் பார்த்து மறுப்பதற்கு ஓர் அந்நியனின் உறுதியான சொல்லையே அவர் நாடி வருகிறார். அவ்விடத்தில் வழவழவென்று பேசுவது மரியாதையன்று, கைவிடுதலேயாம். ஆகவே இப்போது வெட்டொன்று துண்டிரண்டாகவே பதில் கூறுகிறேன். அடிக்கடி கேட்கப்படுவனவற்றுள் சிலவற்றை அங்கத்தினர்களின் நன்மைக்காக ஈண்டுத் தருகிறேன்.

"வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திடலாமா?" கூடாது. ஸ்டாம்பு ஒட்டிய தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் கொள்கிறது. நிரப்பியது தவறென்று நிரூபிக்கும் பாரம் உம் தலைமேல் விழும்.

"ஜாமீன் கையெழுத்து வெறும் சம்பிரதாயந்தானே?" அன்று. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு விதமாகக் கண்டிருந்தாலன்றி, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே. கடன்பட்டவரை விட்டுவிட்டு நேரே உம்மிடம் வசூலிக்கவும் இடமுண்டு. கட்டிய பணத்தை அவரிடமிருந்து பெறும் உரிமை உமக்கு உண்டு. ஆனால் அவரிடம் ஏதாவது இருந்தாலன்றோ பெறமுடியும்! அத்தொகையை உம் கைப்பணத்திலிருந்து கட்டச் சக்தியில்லையெனில் ஜாமீன் நிற்காதீர்.

"மூன்று வருஷம் ஆகிவிட்டால் புரோநோட்டு செல்லாதல்லவா?" கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்திற்குள் வழக்குத் தொடரவேண்டும். அதற்குள் நோட்டின் பின்புறம் சிறு தொகை வரவு வைத்துக் கடன்பட்டவர் கையெழுத்திட்டாலும், காலம் புதிதாகத் தொடங்கும். காலாவதியான கடனையே திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டாலும் அது செல்லும். ஆயினும், காலம் கடந்ததால் வாங்கிய கடன் வாங்காததாகிவிடாது. கோர்ட்டு வேறு, நாணயம் வேறு.

"நிலம் வாங்கினேன், வெள்ளைத்தாளில் எழுதியிருக்கிறது, போதுமா?" போதாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயப் பத்திரம் பதிவு செய்யப்படவேண்டும். எழுதிய நான்கு மாதங்களுக்குள் சார்பதிவாளரிடம் கொடுத்துவிடுக.

"சம்மனை வாங்காமல் திருப்பிவிடலாமா?" ஒருபோதும் கூடாது. மறுத்தாலும் கொடுத்ததாகவே கோர்ட்டு கொள்ளலாம். நீர் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். அப்படி ஆகிவிட்டால், அதை நீக்கக் கோரும் மனுவை முப்பது நாட்களுக்குள் போடவேண்டும்.

இது நிற்க. கண்டிப்பாகப் பேசுவதற்கும் ஓர் எல்லையுண்டு. பத்திரத்தைப் பாராமலும், எதிர்த்தரப்பைக் கேளாமலும், "நீ ஜெயிப்பாய்" என்று கூறுவது துணிவன்று, குருட்டுத்தனம். "எனக்குத் தெரியாது, இன்றே வக்கீலிடம் போ" என்பதும் ஒரு நல்ல பதிலே. செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1995-இல் அமலுக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும், குழந்தைகளும், ஆதிதிராவிட, பழங்குடி மக்களும், மாற்றுத் திறனாளிகளும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா கோர்ட்டிலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

நிர்வாகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குமுன், தொகையையும் ஜாமீன்தாரரின் பொறுப்பையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்டபின் ஒருவர் எழுந்து போனால் வருந்தவேண்டாம். அவருடைய தறி அவர் வீட்டிலேயே இருக்கும்.