மனிதத் தோலுக்கு முயல் ஏன் சாட்சி?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு, மருதாணிக் கோன், ஹேர் டை என்று எல்லாம் கிடைக்கும். பெரும்பாலோருக்கு இவற்றால் ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது. பொட்டின் பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம், தோலுக்கு நிறம் தரும் செல்களைக் கொன்றுவிடக்கூடியது. பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஹேர் டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கி வருகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பொருள் கடைக்கு வருமுன்பே அதன் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நெடுங்காலம் இதற்கு முயலைத்தான் பிடித்தார்கள். அமெரிக்காவின் ஜான் டிரெய்ஸ் 1944இல் வெளியிட்ட முறை இது. முயலின் முதுகு மயிரை மழித்து, ரசாயனத்தைத் தடவி, கட்டுப்போட்டு, சிவக்கிறதா, வீங்குகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வாமைச் சோதனை கினிப்பன்றியின் தலையில் விழுந்தது. வதை ஒருபுறம் இருக்கட்டும். முயலின் தோல் நம் தோலைவிட மெல்லியது, எளிதில் எரிச்சலடைவது. மனிதனை ஒன்றும் செய்யாத பொருள் முயலைப் புண்ணாக்கலாம். சிவப்பு எவ்வளவு என்பதை ஆளுக்கு ஆள் வெவ்வேறாகவும் எடைபோடலாம். துன்பத்துக்கு ஈடாகக் கிடைத்த விடையும் அரைகுறைதான்.

இன்று மனிதத் தோலையே ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட தோலிலிருந்து, கொடுத்தவரின் சம்மதத்தோடு, செல்களைப் பிரித்தெடுப்பார்கள். சட்டைப் பொத்தான் அளவே உள்ள சிறு கிண்ணத்தில், நுண்துளைச் சவ்வின் மேல் அவற்றைப் பரப்புவார்கள். முதலில் ஊட்டத் திரவத்துக்குள் மூழ்கியிருக்கும் செல்களை, பிறகு மேற்புறம் காற்றுப் படும்படி உயர்த்திவிடுவார்கள். முக்கியமான கட்டம் இதுதான். கீழிருந்து உணவு, மேலிருந்து காற்று என்றானதும் செல்கள் அடுக்கடுக்காய் எழும்பி, உச்சியில் செத்த செல்களாலான காப்புப் படலத்தைத் தாமே கட்டிக்கொள்கின்றன. சுமார் இரண்டு வாரத்தில் நம் மேல்தோலைப் போன்ற ஒரு தோல் தயார்.

அதன்மேல் சோதிக்க வேண்டிய பொருளைக் குறிப்பிட்ட நிமிடங்கள் வைத்துக் கழுவி, 42 மணி நேரம் விட்டுவைப்பார்கள். பின்பு எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். செத்த செல்லால் முடியாது. ஊதாவைக் கரைத்தெடுத்துக் கருவியில் அளந்தால் எத்தனை சதவீதம் பிழைத்திருக்கிறது என்பது எண்ணாக வந்துவிடும். 50 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் அந்தப் பொருள் எரிச்சலூட்டி. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, எரிச்சல் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு சோப்பு ரசாயனத்தையும் கூடவே சோதிப்பார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2010இல் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

ஒவ்வாமை இவ்வளவு எளிதில் பிடிபடாது. முதலில் ரசாயனம் தோலின் புரதத்தோடு ஒட்ட வேண்டும். அதைக் கண்டு தோல் செல்கள் அபாயக்குரல் எழுப்ப வேண்டும். பிறகு காவல் செல்கள் விழிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனிச் சோதனை உண்டு. புரதத் துணுக்கோடு ரசாயனத்தைக் கலந்து ஒரு நாள் வைத்து, எவ்வளவு ஒட்டியது என்று பார்ப்பது ஒன்று. அபாயக்குரல் எழுந்தால் ஒளிரும்படி மாற்றியமைத்த செல்களைக் கொண்டு பார்ப்பது இன்னொன்று. எந்த ஒரு சோதனையையும் தனியே நம்பாமல் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் வழிமுறைக்கு 2021இல் ஓஇசிடி ஒப்புதல் கிடைத்தது. பிபிடி போன்றவை காற்றுப்பட்டும் தோலுக்குள் புகுந்தும் உருமாறிய பின்பே வேலையைக் காட்டுவதால், இந்த எச்சரிக்கை மிக அவசியம்.

நம் நாடு இதில் பின்தங்கவில்லை. ஒப்பனைப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தியது. மதுரைக்குப் பக்கத்திலேயே, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், விலங்குகளுக்கு மாற்று தேடும் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் 2009இல் தொடங்கியது. பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா அதை நிறுவி நடத்தினார்.

ஆனால் அந்தத் தடை ஒப்பனைப் பொருளோடு நின்றுவிட்டது. சுங்குடிச் சேலைக்கு ஏற்றும் சாயமும், வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் அதற்குள் வராதவை. அவற்றைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்கள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே தொழில் ரசாயனங்களின் தோல் சோதனைக்கும் விலங்கில்லா முறைகளை முதல் வழியாக்கிவிட்டது. இங்கும் அதைச் செய்ய வேண்டும். செல் வளர்ப்பை நம் கல்லூரி ஆய்வகங்களிலேயே மாணவர்கள் பழக வேண்டும்.

அதுவரை, பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெளிறலோ தெரிந்தால் அன்றைக்கே அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்; பயன்படுத்திய பொட்டு அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.