விசைப்பலகையும் செக்றோலும்

விசையொன்றை ஒருமுறை அழுத்தினால் ஒருமுறையே பதிவாகும் என நாம் கருதுகிறோம். உண்மையில் உலோகத் தொடுமுனைகள் சில மில்லிசெக்கன்கள் துள்ளுகின்றன. ஓரழுத்தம் பலவாக எண்ணப்படக்கூடும். துள்ளல் அடங்கும்வரை பொறுத்து, பின்னர் விசையை வாசிப்பது இயக்கி எனும் நிரலின் பணி.

1991இல் தோன்றிய லினக்ஸின் கெர்னலில் இத்தகைய நிரல் சேருமுன் பகிரங்கமாக ஆராயப்படுகிறது. பொறுக்கும் நேரம் போதுமா? மூன்று விசைகள் ஒருங்கே அழுந்தின், அழுத்தாத நான்காவதும் பதிவாகுமா? எவரும் வினவலாம், எழுதியவர் விடையளிக்க வேண்டும்.

ஹட்டன் தோட்டங்களில் செக்றோலை எழுதுபவர் வேறு, கொழுந்து பறிப்பவள் வேறு. நிறை குறைந்தால் அவளுக்கு 'அரைப்பேர்'தான். பேரிலக்கமும் நிறையும் விசைப்பலகை வழியே பதிவாகுமிடத்து, பிழை கணக்கப்பிள்ளையின் பென்சிலில் அன்றி, எவர் கண்ணுக்கும் படாத நிரலில் ஒளிந்திருக்கலாம். பென்சிலோடாவது வாதாட முடிந்தது. தராசைச் சோதிக்கக் கோரும் தொழிற்சங்கம் நிரலையும் கோரவேண்டும் என்பதே எமது கருத்து.