கால் படாத விரிப்பு

லண்டனில் ஒரு கார்ப்பெட் கடைக்குள் நுழைந்தால், தரையோடு தரையாக நாலைந்து சதுரங்கள் வரிசையாக இருக்கும். மேலே எல்லாவற்றிலும் ஒரே கார்ப்பெட்தான். அடியில் இருப்பது மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. "ஏறி நின்று பாருங்கள்" என்பார் கடைக்காரர். முதல் சதுரத்தில் தரை காலில் இடிக்கும். அடுத்ததில் கொஞ்சம் பரவாயில்லை. கடைசிச் சதுரத்தில் கால் மெத்தென்று புதையும். கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி தலையாட்டுவார், வீடு முழுக்க அதையே போடச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வருவார்கள். மாடிப்படிக்கும் அதே மெத்தைதான். கொஞ்ச நாளில் படி விளிம்பில் கார்ப்பெட் காலோடு சேர்ந்து நழுவத் தொடங்கும்போது, போட்டுத் தந்தவர்மேல் கோபம் வரும். தப்பு பெரும்பாலும் அந்தக் கடைசிச் சதுரத்தில் இருக்கிறது.

அந்த மெத்தைக்குப் பெயர் அண்டர்லே. நம் ஊரில் இதற்கு வேலை இல்லை. சிமென்ட் தரையும் மொசைக்கும் டைல்ஸும் உள்ள வீட்டில் பாயோ ஜமக்காளமோ விரித்தால், வேலை முடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம், வெயிலில் போட்டு உதறலாம். பிரிட்டனில் படுக்கையறை, ஹால், மாடிப்படி என்று சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட்டை இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். பல வருஷம் அது எழுந்திருக்காது. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வீடு வாங்குகிற நம்மவர்கள், கார்ப்பெட்டின் நிறத்துக்கு இரண்டு வாரம் சண்டை போடுவார்கள். அண்டர்லேக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குவார்கள். நியாயமாகப் பார்த்தால் நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்திருக்க வேண்டும்.

கார்ப்பெட்டைத் தேய்ப்பது மேலிருந்து மிதிக்கிற கால் மட்டும் இல்லை. கீழே இருக்கிற கடினமான தரையும் தேய்க்கிறது. ஒவ்வொரு அடியிலும் நூலிழை இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குகிறது. கார்ப்பெட்டின் முதுகு தரையில் உரசுகிறது. பலகைத் தரையாக இருந்தால் பலகை விளிம்புகள் மேலே கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். அண்டர்லே அந்த அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. கூடவே குளிரைத் தடுக்கிறது, காலடிச் சத்தத்தை விழுங்குகிறது.

சந்தையில் இருப்பவற்றை நாலு வகைக்குள் அடக்கிவிடலாம். இன்று அதிகம் விற்பது பியூ ஃபோம், அதாவது பாலியூரித்தேன். ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை என்று பல நிறத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். மெத்தையும் சோபாவும் செய்கிற ஆலைகளில் மிஞ்சுகிற ஃபோம் வெட்டுகளைப் பொடித்து, பசை சேர்த்து, அழுத்தி, பிறகு தாள் தாளாகச் சீவி எடுக்கிறார்கள். எடை குறைவு, விலையும் கைக்கு அடக்கம். அடுத்தது கிரம்ப் ரப்பர். பழைய டயர்களை அரைத்துக் கிடைக்கும் ரப்பர்த் துகளால் ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2003-இல் முழு டயர்களையும், 2006-இல் நறுக்கிய டயர்களையும் குப்பை நிலத்தில் புதைக்கத் தடை வந்தது. லட்சக்கணக்கில் குவிகிற டயருக்கு ஒரு போக்கிடம் தேவைப்பட்டது; அதில் ஒரு பங்கு இப்படி வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. கறுப்பாக, மெல்லிசாக, கனமாக இருக்கும். புதிதில் கொஞ்சம் டயர்க்கடை வாசனையும் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் நாளடைவில் போய்விடும்.

மூன்றாவது ஸ்பான்ஞ் ரப்பர். அடியில் கட்டம் கட்டமாகக் குழிகள் உள்ள பழைய ரகம் இதுதான். பழைய வீடுகளில் கார்ப்பெட்டைப் புரட்டினால் பெரும்பாலும் இதன் மிச்சம்தான் கிடைக்கும். மிச்சம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ரப்பரோடு சுண்ணாம்புத் தூளையும் கலந்து செய்த மலிவு ரகங்கள் வயதாக ஆக இறுகி நொறுங்கிவிடும். மூலையைத் தூக்கினால் பழுப்பு நிறப் பொடி கொட்டும். அலமாரிக் கால் இருந்த இடத்தில் ரப்பர் தரையோடு ஒட்டிப்போய்ச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நாலாவது ஃபெல்ட். கம்பளி, சணல் அல்லது பழந்துணி நார்களை ஊசியால் குத்திப் பின்னிய தட்டி. மெத்தென்று இராது, ஆனால் காற்றோட்டம் உண்டு, கதகதப்பும் உண்டு. நெய்த கம்பளிக் கார்ப்பெட் போடுகிறவர்களில் சிலர் இன்னும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

வகையைவிட முக்கியமானது அடர்த்தி. கடைகளில் 11 மி.மீ., 12 மி.மீ. என்று தடிமனைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். காற்றடைத்த 12 மி.மீ. ஃபோமைவிட இறுக்கமான 8 மி.மீ. நாலு மடங்கு உழைக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். கையில் ஒரு துண்டை வாங்கிப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்துங்கள். இரண்டு விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால் அது பஞ்சு. படுக்கைக்கு அடியில் போடலாம், நடைபாதைக்கு ஆகாது. ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகளை கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தாலும் கனம் சொல்லிவிடும். எண் வேண்டுமென்றால், கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். வீட்டில் அதிகம் நடமாடும் இடத்துக்கு 120, 130 கிலோ அளவில் உள்ள பியூ நல்லது. எண்பதை ஒட்டி இருப்பது, ஆள் வராத விருந்தினர் அறைக்குப் போதும்.

அமெரிக்காவில் இதைத் திட்டமாகவே சொல்லிவிடுகிறார்கள். சாதாரண வெட்டு நூல் கார்ப்பெட்டுக்கு அடியில் 7/16 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 11 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கண்ணி கண்ணியாக இருக்கும் லூப் ரகத்துக்கு 3/8 அங்குலம், சுமார் 9.5 மி.மீ.தான் எல்லை. காரணம் எளிது. மெத்தை அளவுக்கு மீறி அமுங்கினால் கார்ப்பெட்டின் முதுகு ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிர்கிறது. இரும்புக் கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் முறிகிற மாதிரி அந்த முதுகும் ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். இணைப்புகள் பிரியும், நடுவில் அலை அலையாக எழும்பும்.

மாடிப்படியில் இது இன்னும் கறாராகப் பொருந்தும். படியின் மூக்கில்தான் உடம்பின் முழு எடையும் இறங்குகிறது. இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி அதே கோட்டில்தான் திரும்பத் திரும்ப விழும். அங்கே கிரம்ப் ரப்பரோ, மிக அடர்த்தியான 7, 8 மி.மீ. பியூவோ போடுங்கள். அறைக்கு ஒன்று, படிக்கு ஒன்று என்று இரண்டு ரகம் வாங்குவதில் தப்பே இல்லை; அனுபவமுள்ள ஃபிட்டர் அதைத்தான் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். சாப்பாட்டு மேஜை இருக்கும் இடத்திலும் நாற்காலிக் கால்கள் குழி பறிக்காத இறுக்கமான ரகமே சரி. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஆறு மாதம் இருக்கிற வீடானால் இன்னொன்றையும் கவனியுங்கள். கைத்தடி ஊன்றி நடப்பவருக்குப் புதைகிற தரை நல்லதல்ல. கால் உறுதியாக நிற்கிற தரைதான் அவர்களுக்குத் தைரியம்.

படுக்கையறைக்கு மட்டும் ஆசைப்பட்டபடி மெத்தென்று போட்டுக்கொள்ளலாம். வெறுங்காலோடு நடக்கிற இடம், நடமாட்டமும் கம்மி.

அடுத்த கேள்வி, அண்டர்லேக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பது. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் தரைத்தளம் பெரும்பாலும் மரச்சட்டங்கள்மேல் அடித்த பலகை. பலகைக்குக் கீழே வெற்றிடம். மரம் ஊறி மக்காமல் இருக்க அந்த வெற்றிடத்துக்கு வெளிச்சுவரில் துளைச் செங்கல் வழியாகக் காற்று போய்வரும். அந்தக் காற்று பலகை இடுக்கிலும் சுவரோரத்திலும் மேலே கசியும்போது, கார்ப்பெட் வடிகட்டியாகி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளிர்நிறக் கார்ப்பெட்டில் சுவரை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சரியாகக் கூட்டவில்லை என்று மருமகளைத் திட்ட வேண்டாம். அது காற்று கொண்டுவந்த கரி. குளிர் அடிக்கிறதென்று வெளியே உள்ள துளைச் செங்கல்லை அடைப்பதும் கூடாது, பலகை மக்கிவிடும். செய்ய வேண்டியது, சுவரோர இடுக்குகளை அடைத்து, பலகைமேல் ஹார்ட்போர்டு அல்லது மெல்லிய ப்ளைவுட் அடித்து, அதற்குப் பிறகு அண்டர்லே விரிப்பது.

கான்கிரீட் தரையில் பிரச்சினை ஈரம். புதிதாகத் தளம் போட்ட வீட்டில் முதல் 50 மி.மீ. தடிமன்வரை, மில்லிமீட்டருக்கு ஒரு நாள் காய விட வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டடக்காரர்களின் கணக்கு. அதற்கு மேல் தடிமன் போனால் இன்னும் மெதுவாகத்தான் காயும். தளத்தில் ஈரமானி வைத்துப் பார்த்தால் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பில்டர் அவசரப்படுத்துகிறார் என்று ஈரத்தின் மேல் ரப்பரை விரித்தால், அடியில் அடைபட்ட ஈரம் பூஞ்சை பிடித்து நாறும். பிறகு எடுத்து எறிவதைத் தவிர வழியில்லை.

தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற வீடுகள் இப்போது பெருகிவருகின்றன. அங்கே கணக்கு தலைகீழ். வழக்கமாக அண்டர்லே வெப்பத்தைத் தடுக்க வேண்டும். இங்கே வெப்பத்தை மேலே விட வேண்டும். தடுக்கும் திறனை டாக் என்ற அலகில் சொல்கிறார்கள். 1940-களில் மான்செஸ்டரின் ஷர்லி இன்ஸ்டிட்யூட் துணியின் கதகதப்பை அளக்க உருவாக்கிய அலகு. குளிர்காலப் போர்வை உறையிலும் இதே அலகுதான் இருக்கும். கார்ப்பெட்டும் அண்டர்லேயும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக் கூடாது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 11 மி.மீ. பியூ ஒன்றே அந்த எண்ணைத் தொட்டுவிடும். மேலே கம்பளியும் வந்தால் அறை சூடேறாது, கேஸ் பில் மட்டும் ஏறும். குறைந்த டாக் உள்ள மெல்லிய ரப்பர் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குச் சத்தம்தான் முதல் விஷயம். பழைய வீட்டை மாடி மாடியாகப் பிரித்து விற்ற லண்டன் ஃபிளாட்டுகளில், தரை முழுக்க அண்டர்லேயோடு கார்ப்பெட் போட்டே ஆக வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதியிருப்பது சகஜம். அதைப் படிக்காமல் கார்ப்பெட்டைக் கிழித்துவிட்டு லேமினேட் போட்டு, கீழ்வீட்டுக்காரரோடு வக்கீல் கடிதம்வரை போனவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் 2003 முதல் புது ஃபிளாட்டுகளின் தரை வழியாகக் கீழே இறங்கும் மிதியோசைக்கு 62 டெசிபல், பழைய கட்டடத்தை மாற்றிக் கட்டியவற்றுக்கு 64 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே பிரித்த வீடுகள் ஏராளம். அங்கே குழந்தை ஓடினால் கீழே இடி விழும். இதற்குக் கனமான ரப்பர் அல்லது ஃபெல்ட்டும் ரப்பரும் சேர்ந்த ரகம் பார்க்கலாம். மாடியில் பேசுகிற பேச்சும் டிவி சத்தமும் இதனால் பெரிதாகக் குறையாது, குறைவது மிதியோசைதான்.

போடுகிற நாளில் பக்கத்தில் இருங்கள். அறையைச் சுற்றி முதலில் கிரிப்பர் அடிப்பார்கள்: சாய்ந்த முள் வரிசை உள்ள மெல்லிய மரச்சட்டம், முள் சுவரைப் பார்த்து இருக்கும். சுவருக்கும் அதற்கும் நடுவில் கார்ப்பெட் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு இடைவெளி. அண்டர்லே அந்தச் சட்டம்வரை வந்து நிற்க வேண்டும், அதன்மேல் ஏறக்கூடாது; ஏறினால் முள் கார்ப்பெட்டைப் பிடிக்காது. துண்டுகள் சேருமிடத்தில் இடைவெளியும் இருக்கக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. டேப் ஒட்ட வேண்டும். கார்ப்பெட்டின் இணைப்பும் அண்டர்லேயின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது. பிறகு முழங்காலால் உதைத்து இழுக்கிற கருவியோடு ஃபிட்டர் மண்டியிட்டு அறையைச் சுற்றி வருவார். அந்த வேலையைப் பார்த்தவர்கள் கூலியில் பேரம் பேச மாட்டார்கள். புது உயரத்துக்குக் கதவு உரசும். அடியை இழைப்பது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பலர் அதற்குத் தனிக் கூலி கேட்பார்கள்.

"பழைய அண்டர்லே நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே விடலாமே" என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பழைய சோபாவின் கால், பழைய நடைபாதையின் பள்ளம், பழைய தூசி எல்லாம் அதில் பதிந்திருக்கும். புதுக் கார்ப்பெட் அந்தப் பள்ளத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்.

விலை சதுர மீட்டருக்கு 3 பவுண்டிலிருந்து 10 பவுண்டுக்கு மேல்வரை போகிறது. பியூ பொதுவாக 11 மீட்டர் நீளம், 1.37 மீட்டர் அகலம் உள்ள சுருளாக வரும், ஒரு சுருளுக்குச் சுமார் 15 சதுர மீட்டர். அறையை அளந்து இந்த எண்ணோடு ஒப்பிட்டால் எவ்வளவு வீணாகும் என்று முன்பே தெரிந்துவிடும். பண்டிகைத் தள்ளுபடியில் "கார்ப்பெட் வாங்கினால் அண்டர்லே இலவசம்" என்று போர்டு தொங்கும். அப்படி வருவது பெரும்பாலும் வரிசையில் கடைசி ரகமாக இருக்கும். வித்தியாசத் தொகையைக் கட்டி மேல்ரகம் வாங்க முடியுமா என்று கேட்டால் பல கடைகள் ஒத்துக்கொள்ளும். பட்ஜெட் இடித்தால் கார்ப்பெட்டில் ஒரு படி இறங்குங்கள், அண்டர்லேயில் இறங்காதீர்கள். பில்லில் வெறுமனே "அண்டர்லே" என்று எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ரகத்தின் பெயர், தடிமன், அடர்த்தி, டாக் நாலையும் எழுதி வாங்குங்கள். சுருள் வீட்டுக்கு வந்ததும், பிரிப்பதற்கு முன், மேலே ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்ப்பெட் மேலே ஏறிவிட்டால் அப்புறம் பார்க்க முடியாது.