சைக்கிள் இருக்கைத் தண்டு

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பலர் விரும்பியது ஆண்கள் சைக்கிளையே. முன்கம்பியில் பிள்ளையை அமர்த்தலாமல்லவா!

இன்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கார்பன் சீட் பில்லர் கொண்டுவருகின்றனர். கோட்டைப்பட்டினத்து உப்புக்காற்றிலும் அது துருப்பிடிக்காது. ஆயினும் பழைய தண்டில் 27.2 மில்லிமீட்டர் என்றிருந்தால் புதியதும் அதுவாகவே இருத்தல் வேண்டும். சாதாரண கிரீஸ் தடவாதீர்கள். கார்பனுக்கென்றே பசை உண்டு. குறித்துள்ள அளவுக்குமேல் திருகை இறுக்கினால் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் விழும். பின்னொரு நாள் ஓட்டும்போதே தண்டு ஒடியும். உயர்த்தும் எல்லைக்கோடு குழாய்க்குள் மறைந்தே இருக்கட்டும். அலுமினியச் சட்டமாயின் உப்பினால் தண்டு உள்ளே ஒட்டிக்கொள்ளும். சில மாதங்களுக்கொருமுறை கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.