பிடித்த பிறேக் விடாதபோது

மோட்டார் வண்டியொன்றை வாங்குவோர் அது எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்பதுண்டு. எவ்வளவு விரைவாக நிற்கும் என்று கேட்போர் சிலரே. மிதித்தவுடன் சில்லுகளைப் பிடிப்பது பிறேக்கின் தொழிலில் ஒரு பாதியாகும். காலை எடுத்தவுடன் அவற்றை விட்டுவிடுவது மற்றப் பாதியாகும். பழைய வண்டிகளில் இந்த இரண்டாம் பாதி பழுதுபட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி சற்று இழுவையாக இருக்கிறது என்றும், எஞ்சின் வலுக் குன்றிவிட்டது என்றும் எண்ணி அமைதியடைகின்றனர்.

இலங்கையின் வடபகுதியில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகளுக்குத் தனியானதோர் இடமுண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படுமுன் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1990களில் வடக்கிற்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டபோது, இத்தகைய வண்டிகள் சிறிதளவு பெற்றோலால் இயக்கப்பட்டு, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்ததைக் கொண்டு வண்டியோட்டிய அக்காலத்துப் பழக்கம் பாராட்டத்தக்கதே. ஆயினும் எஞ்சின் பொறுத்துக்கொண்ட மாற்று எண்ணெய்களைப் பிறேக் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளாது. அதன் காரணத்தை அறிய, பிறேக் வேலைசெய்யும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரேயளவாகச் செல்லும் என்பது பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டிற் கண்ட உண்மை. பிறேக் மிதியை அமுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிறேக் ஒயிலைத் தள்ளுகின்றது. அவ்வமுக்கம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளிலுமுள்ள சிறிய சிலிண்டர்களை அடைகின்றது. அங்குள்ள பிஸ்டன்கள் பிறேக் சூக்களை விரிக்க, அவை சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உராய்ந்து வண்டியை நிறுத்துகின்றன. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் சூக்களைப் பின்னே இழுக்கின்றன. ஒயிலும் வந்தவழியே திரும்புகின்றது.

இவ்வாறு ஒயில் திரும்பவேண்டுமாயின் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஊசித்துளை போன்றதொரு வாயில் திறந்திருத்தல் வேண்டும். மிதி முழுவதும் மேலே வந்தபின்னரே அது திறக்கும். மிதிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிதளவு தளர்வு இல்லாவிட்டாலோ, துளையில் அழுக்குப் படிந்தாலோ, றப்பர் வாசர் ஊதிப்பெருத்து அதனை மூடினாலோ ஒயில் சிறைப்பட்டுவிடும். அப்போது சூக்கள் டிரம்மைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். தேய்வதனால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் ஒயில் விரியும். விரிந்த ஒயில் சூக்களை இன்னும் இறுக்கும். சாரதி மிதிக்காமலே பிறேக் தன்னைத்தான் இறுக்கிக்கொள்ளும்.

இதில் பெரிய ஆபத்து வண்டி நின்றுவிடுவதன்று, நிற்காமற் போவதேயாம். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பொதுவாகப் பயன்படும் டொட்-3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கவேண்டும் என்பது நியமம். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் கலந்தாலே கொதிநிலை 140 பாகை அளவிற்கு இறங்கிவிடக்கூடும். தேய்ந்து சூடேறிய சிலிண்டருக்குள் ஒயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். ஆவி அமுங்கும் தன்மையது. ஆகவே மிதி தரைவரை இறங்கினும் அமுக்கம் சில்லுக்குச் செல்லாது. காலையில் விடாமற் பிடித்த பிறேக், பாதிவழியில் மாடொன்று குறுக்கிடும்போது பிடிக்காமற் கைவிடுவது இவ்வாறே.

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியாக வடக்கே செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று செல்வது நெடுநாள் வழக்கம். அவ்விடம் சோதனைக்கும் ஏற்றது. வண்டியைக் கடைசிச் சிறிது தூரம் பிறேக்கை அதிகம் மிதியாது மெல்ல ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கலாம், தொடுதல் கூடாது. எல்லாம் ஒரேயளவு வெதுவெதுப்பாக இருந்தால் அச்சமில்லை. ஒன்று மட்டும் அனல் வீசினால் அச்சில்லிலே பழுதுண்டு. நான்கும் கொதித்தால் மாஸ்டர் சிலிண்டரையே முதலில் ஐயுறவேண்டும். பின்சில்லுகள் இரண்டும் சூடேறினால் கைப்பிறேக்கின் கம்பியைப் பார்க்கவேண்டும்.

வீடு சேர்ந்து வண்டி ஆறியபின், சமதரையில் மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஐயத்துக்குரிய சில்லை ஜக்கினால் உயர்த்திக் கையாற் சுழற்றவேண்டும். பின்சில்லாயின் கைப்பிறேக்கையும் கியரையும் விடுவித்துக்கொள்ள வேண்டும். மிதியை ஒருமுறை அமுக்கிவிட்டபின் சில்லு இறுகி நின்றால், அதன் பின்புறத்திலுள்ள காற்றகற்றும் நிப்பிளைச் சிறிது தளர்த்துக. ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் அமுக்கம் சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. விடுபடாவிட்டால் குறை ஒயிலில் இல்லை. துருப்பிடித்த பிஸ்டன், உடைந்த ஸ்பிரிங், மிகையாக இறுக்கிய சூ என்பனவற்றுள் ஒன்றாகும்.

அமுக்கம் சிறைப்பட்ட இடத்தையும் இம்முறையாலேயே அறியலாம். நிப்பிளை மூடி மீண்டும் மிதித்துவிட்டு, இம்முறை றப்பர்க் குழாய்க்கு முன்னுள்ள இரும்புக்குழாயின் இணைப்பைத் தளர்த்துக. சில்லு விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டர்ப் பக்கத்தில் உள்ளது. விடுபடாமல் நிப்பிளைத் தளர்த்தியபோது மட்டும் விடுபட்டால் றப்பர்க் குழாயே குற்றவாளி. வெளியே புதிதுபோற் பளபளக்கும் பழைய குழாய் உள்ளே ஊதி அடைபட்டிருக்கக்கூடும். காலின் வலிமை ஒயிலை அதனூடே தள்ளிவிடும். ஸ்பிரிங்கின் வலிமையோ அதனைத் திருப்பியனுப்பப் போதாது. சோதனை முடிந்தபின் இணைப்புக்களை இறுக்கி, குழாய்களிற் புகுந்த காற்றை முற்றாக அகற்றாமல் வண்டியை வீதிக்குக் கொண்டுசெல்லலாகாது.

மொறிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழ் அமைந்துள்ளது. உள்ளூர்க் கிரவல் வீதிகளின் செம்புழுதியும் மாரிகால வெள்ளமும் எளிதிற் சென்றடையும் இடம் அது. ஒயில் ஊற்றுமுன் மூடியைச் சுற்றித் துடைக்காவிட்டால் அப்புழுதியே ஊசித்துளையை அடைக்கும். பின்சில்லின் சிலிண்டர் தனக்குரிய துவாரத்தில் முன்பின் நகரவேண்டும். நெடுநாள் நின்ற வண்டிகளில் அது துருவால் ஒட்டிக்கொள்ளும். டிரம்மைத் திறப்போர் உள்ளே படிந்த தூளை ஊதித் தள்ளுதல் ஆகாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் இருப்பதுண்டு. ஈரத்துணியாலேயே துடைக்கவேண்டும்.

இனி, மாற்று எண்ணெயின் தீங்கைக் கூறலாம். பிறேக் ஒயில் குறைந்தவிடத்து எஞ்சின் ஒயிலை ஊற்றுவதும், பிரித்த சிலிண்டரையும் வாசர்களையும் மண்ணெண்ணெயிற் கழுவுவதும் சிக்கனம்போலத் தோன்றும். இவ்விரண்டும் கனிய எண்ணெய்கள். பிறேக்கின் றப்பர் அவற்றை உறிஞ்சி ஊதிவிடும். ஊதிய வாசர் துளையை மூடும், பிஸ்டனையும் இறுக்கும். தவறான எண்ணெய் ஒருமுறை ஊற்றப்பட்டால் அதனை வடிப்பது மட்டும் போதாது. குழாய்களைக் கழுவி, எல்லா வாசர்களையும் றப்பர்க் குழாய்களையும் மாற்றுதல் வேண்டும். கழுவுவதற்குப் புதிய பிறேக் ஒயிலோ மெதிலேற்றிய மதுசாரமோ ஏற்றது.

பிறேக் ஒயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முற்றாக மாற்றுவது நன்று. ஐப்பசியில் மாரி தொடங்குமுன் அதனைச் செய்துகொண்டால் ஈரமான மாதங்களைப் புதிய ஒயிலுடன் கடக்கலாம். பயன்படாது நிற்கும் வண்டியைக் கைப்பிறேக் போட்டு மாதக்கணக்கில் விடாமல், சில்லுக்குக் கல் வைத்து நிறுத்துதல் வேண்டும். வாரம் ஒருமுறையேனும் சிறிது தூரம் ஓட்டுதல் நலம். மூடி திறந்த போத்தலில் நெடுநாள் மிஞ்சிக் கிடந்த ஒயில் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் ஈரம் ஏறியதாகவே கொள்ளப்படவேண்டும். அதனை மீண்டும் வண்டிக்கு ஊற்றலாகாது.