கண் சிமிட்டினால்தான் கணக்கா? உங்கள் செல்போனுக்காக வாதாடும் ஒரு வேலை

"கேமராவைப் பார்த்து ஒருமுறை கண் சிமிட்டுங்கள்." வங்கிக் கணக்கு தொடங்கும்போது செல்போன் திரையில் இந்த வரியை நீங்களும் பார்த்திருப்பீங்க. நாம சிமிட்டிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால் அது முடியவில்லை. உயிரோடு இருக்கும் ஆள்தான் என்று உறுதி செய்ய, சிமிட்டியே ஆகணும் என்றார்கள். அவர் வங்கிக்கே நேரில் போய் நின்றவர் என்பதுதான் இதில் வேதனை.

விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பார்வையற்ற ஒருவரும் இதே பிரச்சினைக்காகத் தனியாக மனு போட்டிருந்தார். முகத்தைத் திரையில் உள்ள வட்டத்துக்குள் கொண்டுவருவது, ஆவணத்தை நேராகப் படம் எடுப்பது, சில நொடிகளுக்குள் ஓ.டி.பி. அடிப்பது என ஒவ்வொரு படியிலும் அவர் மாதிரி ஆட்கள் இன்னொருவர் உதவியைத் தேட வேண்டியிருந்தது. அவரே ஒரு வழக்கறிஞர்.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பு சொன்னது. டிஜிட்டல் சேவையை அணுகுவது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. இ-கே.ஒய்.சி. நடைமுறையைச் சரிசெய்ய 20 கட்டளைகளும் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், காகிதத்தில் விண்ணப்பிக்கும் வசதியும் தொடர வேண்டும் என்பவை அவற்றில் உண்டு.

எங்க பாட்டிக்குக் கைரேகை தேய்ந்து போச்சு. இயந்திரத்தில் விழாது. தெரிந்த ஊழியர் யாராவது இருந்தால் எப்படியோ வேலை முடியும், இல்லைன்னா திரும்பி வரணும். ஒருவருடைய சிக்கலை ஒரு நல்ல ஊழியர் தீர்த்துவிடலாம். ஆனால் விதியே மாறினால்தான் எல்லோருக்கும் தீரும். அந்த விதியைப் படித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, மாற்று வாசகம் எழுதித் தருவதையே முழுநேர வேலையாகச் செய்கிற சட்டப் பட்டதாரிகள் இருக்காங்க. பொதுநலத் தொழில்நுட்பக் கொள்கை என்று இந்தத் துறையைச் சொல்கிறார்கள்.

கறுப்பு கோட்டு போட்டு கோர்ட்டில் நிற்பது இதில் ஒரு பகுதிதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்ததே, புட்டசாமி வழக்கு, அது கோர்ட்டில் நடந்தது. கோர்ட்டுக்கு வெளியே நடந்ததற்கும் உதாரணம் இருக்கு. சில இணையதளங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைக்கலாமா என்று 2015-ல் டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டது. அந்த நீளமான ஆங்கில ஆவணத்தைச் சட்டம் தெரிந்தவர்களும் கணினி தெரிந்தவர்களும் சேர்ந்து எளிமையாக்கிக் கொடுத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் டிராய் அத்தகைய கட்டண வேறுபாட்டுக்குத் தடை போட்டது.

இப்போது இன்னொரு பெரிய வேலை வாசலில் நிற்குது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். உங்கள் தகவலைக் கேட்கும் நிறுவனம் ஏன் கேட்கிறது என்று தெளிவான, எளிய மொழியில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும். தமிழும் அதில் உண்டு. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கொஞ்சம் யோசிங்க. அந்த எளிய தமிழை யார் எழுதப் போறாங்க? சட்டமும் தெரியணும், இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறவர் என்ன புரிந்துகொள்வார் என்பதும் தெரியணும். தமிழ் வழியில் படித்த மாணவர்கள் தயங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். பிளஸ் டூ முடித்தவர்கள் 5 ஆண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு 3 ஆண்டு எல்.எல்.பி. இருக்கு. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருவதும் நடக்கும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.சி.ஏ., எல்.எல்.பி. சேர்ந்த 5 ஆண்டுப் படிப்பே உண்டு. மதுரை, திருச்சி, கோவை, நெல்லை அரசு சட்டக் கல்லூரிகளிலும் படிக்கலாம். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் தேர்வு எழுதணும்.

பார் கவுன்சில் பதிவுக் கட்டணத்தை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்றையும் தெரிஞ்சுக்கணும். முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால், அந்தக் காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துப் பதிவை நிறுத்தி வைக்கணும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

வேலை எங்கே? டெல்லியிலும் பெங்களூரிலும்தான் அதிகம். ஆய்வு அமைப்புகள், உரிமை அமைப்புகள், அரசுத் துறைகளின் ஆலோசகர் பணி என்று பரவிக் கிடக்கு. 25 வயது வரை உள்ள பட்டதாரிகளுக்கு, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யும் 'லேம்ப்' பயிற்சித் திட்டமும் உண்டு. பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் தரும் சம்பளத்தை ஆரம்பத்தில் எதிர்பார்க்காதீங்க. அதை மறைத்துச் சொல்வதில் நியாயம் இல்லை.

பட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 2025 ஜனவரியில் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை வெளியிட்டு மைகவ் தளத்தில் மத்திய அரசு கருத்துக் கேட்டது. அதற்குக் கருத்துச் சொல்ல வழக்கறிஞராக இருக்கணும்னு அவசியமே இல்லை. இப்படி ஒரு வரைவு அடுத்து வரும்போது, உங்களுக்குப் புரிகிற ஒரே ஒரு விதியை எடுத்துக்கோங்க. அது உங்கள் தெருவில் யாரைப் பாதிக்கும், வாசகத்தை எப்படி மாற்றலாம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. ஒரு நகலை வைத்திருந்தால், பின்னால் இன்டர்ன்ஷிப் கேட்டு விண்ணப்பிக்கும்போது அதையே இணைக்கலாம்.